பூட்டியிருந்ததாக எழுதிய வீடு

மூவாயிரத்து அறுநூறு கடதாசித் துண்டுகள். நகரத்து வீடுகளுக்கு ஒவ்வொன்றாக இலக்கம் எழுதி, வெட்டி, மடித்து ஓர் அரிசிச் சாக்குக்குள் போடச் சுகாதாரப் பணிமனையில் நான்கு பேருக்கு இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் காலை, சாரதி வீரகத்தி சாக்கைக் குலுக்கிக் குலுக்கி ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசித்தார். டொக்டர் பிரஷாந்தினி எழுதிக்கொண்டு வந்தார். மொத்தம் இருநூறு வீடுகள் எடுக்கவேண்டும். நூற்றுப் பதினேழாவதாக வாசித்த இலக்கத்தைக் கேட்டதும் சுதாஜினி நிமிர்ந்து அந்தத் துண்டைப் பார்த்தாள். அது அவளுடைய வீடு.

அவளைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. தன் பிரிவு வீடுகளின் இலக்கங்களை அவளேதான் எழுதியிருந்தாள். மற்றவர்களுக்கு அது இன்னொரு துண்டு. டொக்டர் எழுதிவிட்டு, “அடுத்தது” என்றார்.

அது 2021 ஜூன் மாதக் கடைசி. பயணத்தடை தளர்ந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அந்த நகரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொரோனா வந்ததாகப் பதிவு. ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். சில நாட்களாகப் புதிய நோயாளர் குறைந்திருந்ததால் சனத்துக்கு மூச்சு வந்திருந்தது. வாறது எல்லாம் வந்து முடிஞ்சுது என்று கடைகளில் கதைத்தார்கள். டொக்டர் பிரஷாந்தினி மட்டும் அதை நம்பவில்லை.

“இருநூற்றுப் பன்னிரண்டு எண்டது எங்களிட்டப் பிடிபட்ட ஆக்கள்,” என்று அவர் சீட்டு எடுப்பதற்கு முன் எல்லோரையும் இருத்தி வைத்துச் சொன்னார். “பிடிபடாத ஆக்கள் எத்தினை பேர் எண்டு ஆருக்கும் தெரியாது. முக்கால்வாசிச் சனத்துக்கு வந்து போயிருந்தால் நாங்கள் கொஞ்சம் ஆறுதலா இருக்கலாம். வராத ஆக்கள்தான் கூட எண்டால், இனித்தான் எங்களுக்குப் பாடு இருக்கு. ஒக்சிசன் எத்தினை கேக்கிறது, கட்டில் எத்தினை போடுறது எண்டு எனக்குத் தெரியவேணும்.”

வீட்டுக்கு ஒருவர் என்று கணக்கு. வீட்டில் உள்ள பெரியவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவர். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை அட்டையில் விட்டால் கால் மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். ஒரு கோடு வந்தால் நோய் வரவேயில்லை. இரண்டு கோடு வந்தால் எப்போதோ வந்து போயிருக்கிறது. தடுப்பூசி வந்துவிட்டால் இந்த அட்டையை வைத்து எதையும் சொல்லமுடியாது. அதனால்தான் இத்தனை அவசரம்.

“ஒரு வீட்டையும் மாத்தக்கூடாது,” என்றார் டொக்டர். “பக்கத்து வீட்டில ஆள் நிக்குது எண்டு அங்க போறேல்லை. சீட்டில வந்த வீடு வந்ததுதான். மாத்தினால் கணக்குப் பிழைச்சுப்போம்.”

சுதாஜினி தலையாட்டினாள்.

அவள் குடும்பநல உத்தியோகத்தர். வயது முப்பத்தொன்று. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், பிள்ளை பிறந்த பிறகு தாயையும் சேயையும் பார்ப்பதும் அவள் வேலை. வீட்டில் அவளும் தாய் அன்னபாக்கியமும் மட்டும். அன்னபாக்கியத்துக்கு முட்டு வருத்தம். பனிக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும், இரவிரவாக இருந்தபடிதான் நித்திரை.

மே மாதம் இருபத்தாறாம் திகதி சுதாஜினிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் குசினியில் மீன்குழம்பு அடிப்பிடித்துக் கரிந்து புகை வந்தபோது, அவள் அடுப்படியிலேயே நின்றும் அவளுக்கு மணக்கவில்லை. தாய் முற்றத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அப்போதே சுதாஜினிக்கு விளங்கிவிட்டது. சொன்னால் அவளை ஏற்றிக்கொண்டு போவார்கள். தாயையும் வேறொரு தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டு போவார்கள். அங்கே தாய்க்கு முட்டு வந்தால் யார் பார்ப்பது? பணிமனைக்கு ரெலிபோன் எடுத்து வயிற்றோட்டம் என்று சொன்னாள். தாயை முன் அறையில் விட்டு, தான் பின் அறைக்குள் பத்து நாள் கிடந்தாள். தாய்க்கு ஒன்றும் வரவில்லை. வேலைக்குத் திரும்பினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாளுக்கு முதல், இருபத்துநாலாம் திகதி, அவள் தர்மிளாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். தர்மிளாவுக்கு அப்போது எட்டு மாதம். அவளுடைய மாமனார் மூக்கன், எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்தோடு மலையகத்தை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். “வாங்க மிஸ், வெயில்ல வந்திருக்கீங்க, எளனி ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க,” என்று ஓர் இளநியைச் சீவித் தந்தார். அன்று சுதாஜினிக்கு உடம்பு அலுப்பாக இருந்தது, தொண்டையும் கரகரத்தது. வெயில் என்றுதான் நினைத்தாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு இளநியைக் குடித்தாள். மூக்கன் பக்கத்தில் குந்தியிருந்து, பிறக்கப்போகும் பேரப்பிள்ளையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும்.

ஆறு நாளில் மூக்கனுக்குக் காய்ச்சல். ஜூன் எட்டாம் திகதி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். முகத்தைக்கூடக் காட்டாமல் வவுனியாவுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

*

சீட்டெடுத்த அன்று மத்தியானம் சுதாஜினி வீட்டுக்கு வந்து தாயிடம் விசயத்தைச் சொன்னாள்.

“அம்மா, எங்கட வீடும் விழுந்திட்டுது. அடுத்த மாதம் என்ரை பிறந்தநாள். என்ரை ரத்தம்தான் எடுக்கவேணும்.”

அன்னபாக்கியம் சுளகைக் கீழே வைத்தாள். “பூட்டிக் கிடந்தது எண்டு எழுதிவிடு பிள்ளை. இருநூறு வீட்டில ஒரு வீட்டால என்ன குறையப்போகுது?”

“நான் காய்ச்சலோட மறைச்சு இருந்தது தெரிஞ்சால் வேலை போனாலும் போகும்.”

“அதைத்தானே சொல்லுறன். நீ ஏன் வலியப் போய்த் தலையைக் குடுக்கிறாய்?”

சுதாஜினி பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, தன் மோதிர விரலில் தானே குத்தினாள். வந்த காய்ச்சல் கொரோனாவாக இல்லாமலும் இருக்கலாம் என்ற ஆசை ஒரு மாதமாக அவளுக்குள் இருந்தது. மூக்குச் சும்மா தடிமனுக்கும் அடைக்கும்தானே என்று எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள். கட்டிலில் அட்டையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது கோடும் தெளிவாக வந்துவிட்டது.

அட்டையைக் கடதாசியில் சுற்றி அடுப்புக்குள் போட்டாள். அட்டைகளுக்கு இலக்கம் இருந்தது. பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே ‘பழுது’ என்று எழுதினாள். தன் வீட்டுப் படிவத்தில் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

*

ஆறு நாள் வீடு வீடாகத் திரிந்தார்கள். கதவைத் திறந்தவர்களும் இருந்தார்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்களும் இருந்தார்கள். நேசமலர் என்ற ஓர் அம்மா படலைக்கு அப்பால் நின்றபடியே, “சண்டை முடிஞ்சாப்பிறகு பேர் பதிஞ்சு பதிஞ்சு எங்களை எங்கெங்கயெல்லாம் கொண்டுபோனவை எண்டு உமக்குத் தெரியாது பிள்ளை. என்ரை பேரை ஒரு கடதாசியிலயும் எழுதவேண்டாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சுதாஜினியால் அவரை வற்புறுத்த முடியவில்லை. வற்புறுத்த என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

ஏழாம் நாள் டொக்டர் கணக்கை மேசையில் விரித்தார். இருநூறில் நூற்று அறுபத்தெட்டுப் பேர்தான் இரத்தம் கொடுத்திருந்தார்கள். அவர்களில் இருபத்தொரு பேருக்கு இரண்டு கோடு. நகரத்தின் பெரியவர்கள் பதினோராயிரத்து நானூறு பேர் என்றால், ஏறக்குறைய ஆயிரத்து நானூறு பேருக்கு வந்து போயிருக்கவேண்டும்.

“ஆனால் இது எனக்குக் காணாது,” என்றார் டொக்டர். “முப்பத்திரண்டு வீடு விடுபட்டிருக்கு. பத்தொன்பது பேர் மாட்டம் எண்டிட்டினம். பதின்மூன்று வீடு பூட்டு. மறைக்க ஒண்டும் இல்லாத ஆக்கள் கதவைத் திறப்பினம். காய்ச்சலை மறைச்ச ஆக்கள் திறப்பினமோ? அந்த முப்பத்திரண்டு பேருக்கும் வந்திருந்தால் கணக்கு மூவாயிரத்துக்குப் போகுது. ஒருத்தருக்கும் வரேல்லை எண்டால் ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில நிண்டுகொண்டு நான் மேலிடத்திட்ட என்னத்தைக் கேக்கிறது?”

அவர் பட்டியலைச் சுதாஜினியிடம் நீட்டினார். “உங்கட பிரிவில பூட்டு ஐஞ்சு. திருப்பிப் போங்கோ. உங்களைச் சனம் நம்பும்.”

பட்டியலில் நான்காவதாக அவளுடைய வீட்டு இலக்கம் இருந்தது. டொக்டர் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது டொக்டர் வேறு கடதாசியில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார்.

*

அன்று பின்னேரம் அவள் தர்மிளாவையும் பார்க்கவேண்டியிருந்தது. பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. தர்மிளாவுக்கும் ஜூனில் நோய் வந்து, இலேசாக வந்து போயிருந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. கொப்பூழைப் பார்த்து, பால் குடிப்பதைப் பார்த்து எழுதி முடித்துவிட்டு, “பிரதீபன் எங்க?” என்று சுதாஜினி கேட்டாள்.

தர்மிளா வெளியே கையைக் காட்டினாள். வேலிக்கு அப்பால் வேப்பமரத்தின் கீழ் லொறி நின்றது. “அங்கதான் மிஸ். சாப்பாடும் அங்க, படுக்கையும் அங்க. பிள்ளையை இன்னும் தூக்கவேயில்லை.”

தர்மிளாவின் கணவன் பிரதீபன் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றுகிற லொறிச் சாரதி. மே இருபத்திரண்டாம் திகதி வந்து ஓர் இரவு வீட்டில் நின்று, அடுத்த நாள் போனவன், தடையில் அகப்பட்டு ஜூன் தொடங்கித்தான் திரும்பி வந்தான். மூக்கனுக்கு வந்தது தம்புள்ளைக் கொரோனாதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கடைக்காரர் அவனிடம் காசை நிலத்தில் வைக்கச் சொன்னார்.

சுதாஜினி லொறிக்குப் பக்கத்தில் போனாள். அவன் இறங்கவில்லை. இருக்கையில் இருந்தபடியே, “தள்ளி நில்லுங்கோ மிஸ்,” என்றான்.

“இப்ப உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே பிரதீபன். உள்ள போய்ப் பிள்ளையைத் தூக்குங்கோ.”

“அப்பாவை நான்தான் மிஸ் கொண்டுபோட்டன். அந்த ஒரு ராத்திரி வராமல் இருந்திருக்கலாம். பிள்ளைக்குத் தொட்டில் கயிறு வாங்கினனான், அதைக் குடுக்கவெண்டுதான் வந்தனான்.” அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து விரித்துப் பார்த்தான். “இந்தக் கையால எப்பிடி அவளைத் தூக்கிறது?”

“உங்களுக்குச் சோதிச்சவையெல்லே?”

“அப்பா செத்தாப்பிறகு சோதிச்சவை. இல்லை எண்டு வந்தது. ஆனால் மே மாதம் இருந்ததோ இல்லையோ எண்டு அதில தெரியாதாம். வந்து போயிருக்கும் எண்டுதான் எல்லாரும் சொல்லினம்.”

சுதாஜினியின் பையில் அட்டைகள் இருந்தன. அவன் வீடு சீட்டில் விழுந்த வீடில்லை. அட்டையை வேறு ஆளுக்குப் பாவிக்க அவளுக்கு அனுமதியுமில்லை. “கையை நீட்டுங்கோ,” என்றாள்.

அட்டையை லொறியின் முன் தட்டில் வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தாள். ஒரு கோடு. ஒன்றே ஒன்று.

“உங்களுக்கு வரவேயில்லைப் போலதான் இருக்கு பிரதீபன்.”

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளங்க நேரமெடுத்தது. பிறகு கேட்டான்: “அப்ப அப்பாக்கு எங்கால வந்தது?”

அவள் அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டாள். “தெரியாது,” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். பிரதான வீதிக்கு ஏறும் இடத்தில் நிறுத்தி, மதகில் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள்.

*

அடுத்த நாள் காலை டொக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“டொக்டர், பூட்டியிருந்த வீடுகளில நாலாவது என்ரை வீடு. அது பூட்டியிருக்கேல்லை.”

மிச்சத்தையும் சொன்னாள். காய்ச்சலை, குழம்பு கரிந்ததை, வயிற்றோட்டம் என்ற பொய்யை, அடுப்புக்குள் போட்ட அட்டையை, இளநி குடித்ததை, பிரதீபனின் ஒற்றைக் கோட்டை. டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தினை கர்ப்பிணிகளை அந்தக் கிழமை பாத்தனீங்கள்?”

“இருபத்துநாலாம் திகதி மூண்டு பேர். மற்ற ரெண்டு வீட்டிலயும் நான் மாஸ்க்கைக் கழட்டேல்லை. அங்க ஒருத்தருக்கும் வரேல்லை. நான் ஒவ்வொரு நாளும் விசாரிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.”

“விசாரிச்சனீங்கள். ஆனால் சொல்லேல்லை.” டொக்டரின் குரல் உயரவில்லை, அதுதான் சுதாஜினிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. “அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்த ஐயாவை முதல் நாளே கொண்டுவந்திருக்கலாம். அவர் காய்ச்சலோட அஞ்சு நாள் வீட்டில கிடந்தவர்.”

“ஓம் டொக்டர்.”

“உங்களாலதான் வந்தது எண்டு அடிச்சுச் சொல்லேலாது. அட்டையும் சிலவேளை பிழையாக் காட்டும். அவர் கடைக்கும் போயிருப்பார், கோயிலுக்கும் போயிருப்பார். அது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நான் அதைச் சொல்லித்தான் ஒரு மாதம் இருந்தனான்.”

டொக்டர் ஒரு புதிய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அவளுடைய விரலைத் தானே பிடித்துக் குத்தினார். இரண்டு கோடு வந்தபோது, ‘பூட்டியிருந்தது’ என்று இருந்ததை வெட்டி, அதன் மேல் ‘இரண்டு கோடு’ என்று எழுதினார். பிறகு, “இதை நான் மேலிடத்துக்கு அறிவிக்கவேணும். அதுவரைக்கும் வீடுகளுக்குப் போகவேண்டாம்,” என்றார்.

“ஒரு வீட்டுக்கு மட்டும் போகவேணும் டொக்டர்.”

அவர் தடுக்கவில்லை.

*

தர்மிளாவின் வீட்டில் அவள் முற்றத்திலேயே நின்றாள். பிரதீபனும் லொறியை விட்டு வந்து நின்றான். தர்மிளா குழந்தையோடு வாசலில் இருந்தாள். சுதாஜினி சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழவில்லை.

தர்மிளா எழுந்து குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். “ஒரு மாதமா இவரைச் சனம் பேசினதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு வந்து என்ரை வயித்தில கை வைச்சுப் பாத்தனீங்கள்.” அவள் வாசல்படியில் ஏறினாள். “இனி இங்க வரவேண்டாம்.”

அவள் உள்ளே போய்விட்டாள். பிரதீபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான், கையைக்கூட ஓங்குவான் என்றுதான் சுதாஜினி எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் இருந்தது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை.

“நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் ஆருக்கும் தெரிஞ்சிராது,” என்றான் கடைசியில்.

“உங்களுக்குத் தெரியவேணும் எண்டுதான்.”

“நேற்று அந்த ஒரு கோட்டைப் பாத்தாப்பிறகும் நான் உள்ள போகேல்லை. எனக்கு நம்பிக்கை வரேல்லை.” அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். “நீங்கள் போங்கோ மிஸ்.”

அவள் படலையைச் சாத்தித் திரும்பியபோது அவன் கிணற்றடியில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும், நெடுநேரம். பிறகு வீட்டுக்குள் போனான்.

*

விடுபட்ட முப்பத்திரண்டு வீடுகளில் பதினான்கு வீடுகள் இரண்டாம் தடவை கதவைத் திறந்தன. அதில் ஆறு பேருக்கு இரண்டு கோடு, சுதாஜினியோடு சேர்த்து. டொக்டர் சந்தேகப்பட்டது சரிதான். மறைந்திருந்தவர்களிடையே நோய் கூடத்தான் இருந்தது. திருத்திய கணக்கில் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு பேர். பிடிபட்ட ஒருவருக்குப் பின்னால் பிடிபடாத ஏழு பேர். கணக்குக் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டாது என்று டொக்டர் எழுதினார். அதன் கீழே அவர் தடித்த எழுத்தில் எழுதியது வேறு: ஒன்பதாயிரம் பேருக்கு மேல் இன்னும் நோய் வரவேயில்லை.

அவர் கேட்டது அறுபது ஒக்சிசன் சிலிண்டர். கிடைத்தது இருபத்தைந்து.

ஜூலையில் தடுப்பூசி வந்தது. ஓகஸ்டில் நோய் மறுபடி ஏறியது, முன்பைவிட மோசமாக. ஒரு கிழமையில் எழுபது பேர். இருபத்தைந்து சிலிண்டரும் மாறி மாறி ஓடின. டொக்டர் ரெலிபோனிலேயே நின்று இன்னும் பன்னிரண்டு எடுப்பித்தார். அப்படியும் நகரத்தில் பதினான்கு பேர் செத்தார்கள். கடைகளில் இப்போது யாரும் முடிந்தது என்று கதைக்கவில்லை.

சுதாஜினிக்கு வேலை போகவில்லை. ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தி, செப்டெம்பரிலிருந்து ஓமந்தைப் பக்கம் மாற்றம் என்று கடிதம் வந்தது. அதுவரை தடுப்பூசி போடும் பள்ளிக்கூட மண்டபத்தில் பெயர் பதியும் மேசையில் அவளை இருத்தினார்கள். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நான்கு வரை முகங்களைப் பார்க்காமல் எழுதினாள்.

இரண்டாவது ஊசிக்கு வந்த ஒரு நாள் பிரதீபன் அவளுடைய வரிசையில் நின்றான். நெஞ்சோடு அணைத்துத் துணியால் மூடிய குழந்தை. தர்மிளா மண்டபத்தின் மறுகரையில் இருந்த மேசைக்குப் போய் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிரதீபன் அடையாள அட்டையை மேசையில் வைத்தான். சுதாஜினி இலக்கத்தைப் பார்த்து எழுதினாள்.

“காய்ச்சல், இருமல் ஏதும் இருக்கோ?”

“இல்லை.”

“முந்தி கொரோனா வந்ததோ?”

அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊரில் அவனைப் பழித்துப் பேசியவர்கள் அதில் இரண்டு பேராவது இருந்தார்கள்.

“இல்லை மிஸ்,” என்றான் எல்லோருக்கும் கேட்க. “எனக்கு வரவேயில்லை.”

அவள் எழுதி, முத்திரை குத்தி அட்டையைக் கொடுத்தாள். குழந்தை துணிக்குள் அசைந்தது. அவன் ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே ஊசி போடும் கதிரைப் பக்கம் நடந்தான்.